குரங்கு ஓட்டத்துக்குப் போன பாட்டி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மேற்கு யார்க்‌ஷயரில் ஒரு கேர் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர் நீங்கள். அங்கே எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர். டாக்டர் வந்தால் வானொலிச் செய்தி போலத் தெளிவாகப் பேசுகிறார். டாக்டர் தலை மறைந்ததும் உங்களிடம் தன் பதினாறு வயதுக் கதையை எடுத்தால் பாதிக்கு மேல் புரிவதில்லை. போன வாரம், 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மங்கி ரன்னுக்குப் போவோம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏதோ குரங்கு ஓடுவதாக அவருக்குத் தோன்றுகிறது போல என்று பயந்து, 'குழப்பமாகப் பேசுகிறார்' என்று குறிப்பில் எழுதிவிட்டீர்கள். 'இது மறதி நோயா?' என்பது நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வி. எழுதாமல் விட்ட இரண்டும் எனக்குக் கேட்கின்றன: என் ஆங்கிலம்தான் போதவில்லையா, இல்லை அவர் வேண்டுமென்றே எனக்குப் புரியாமல் பேசுகிறாரா?

முதலில் அந்தக் குரங்கு விஷயத்தை முடித்துவிடுவோம். மங்கி ரன் என்பது நிஜமாகவே இருந்த ஒன்று. வட இங்கிலாந்தின் நெசவு மில் ஊர்களில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே, ஞாயிறு மாலை இளவட்டங்கள் இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊரின் பெரிய சாலையில் மேலும் கீழுமாக நடப்பார்கள். பையன்கள் ஒரு கூட்டம், பெண்கள் ஒரு கூட்டம். கடைகள் மூடியிருக்கும், பப்புக்குள் நுழைய வயது போதாது, கையில் காசும் கிடையாது. நடப்பது, பார்ப்பது, பார்க்காததுபோல் இருப்பது, மறுபடி திரும்பி நடப்பது. கடைவீதியில் காரணமே இல்லாமல் மூன்று சுற்று சுற்றி வந்த தலைமுறை நம் ஊரிலும் உண்டு, அவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தச் சாலைக்கும் அந்த நடைக்கும் சேர்த்துத்தான் மங்கி ரன் என்று பெயர். எத்தனையோ கல்யாணங்கள் அங்கேதான் தொடங்கின. ஆகவே அந்தப் பேச்சில் குழப்பம் எதுவும் இல்லை. அவர் காதல் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் தூத்துக்குடிக்காரன். இருபத்திரண்டு வருடமாக இங்கே ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், இவர்கள்தான் என் நாள் முழுவதும். மொழியியல் ஆராய்ச்சியாளன் அல்ல. பெனைன் மலைத்தொடரின் இந்தப் பக்கம் மேற்கு யார்க்‌ஷயர், அந்தப் பக்கம் கிழக்கு லங்காஷயர், இவ்வளவுதான் என் எல்லை. நியூகாசிலுக்கோ லிவர்பூலுக்கோ இதை அப்படியே பொருத்த வேண்டாம். அங்கே ஓசையும் வேறு, சொல்லும் வேறு.

நம் ஊரில் 'நெல்லை ஸ்லாங்', 'கோவை ஸ்லாங்' என்கிறோமே, அதில் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்: சொல்லை ஒலிக்கும் விதம் ஒன்று, சொல்லும் இலக்கணமுமே வேறாக இருப்பது இன்னொன்று. உங்களைத் தடுமாற வைப்பது இரண்டும்தான். ஒலிப்பு விரைவில் பழகிவிடும். 'கப்' என்பதை 'கூ'வுக்குப் பக்கத்தில் வரும் குறில் உகரத்தோடு 'குப்' என்பதுபோல் சொல்வார்கள், 'பாத்' குறுகி 'பத்' ஆகும். நாம் படித்த ஆங்கிலத்துக்குத்தான் இது புதிது. உண்மையில் வடக்கின் ஒலிதான் பழையது. தெற்கில்தான் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இந்த உயிரொலிகள் மாறத் தொடங்கின, வடக்கு அந்த மாற்றத்துக்குப் போகவில்லை. இதைச் சொல்லி ஒரு யார்க்‌ஷயர்க் கிழவரை ஒரு வாரம் சந்தோஷமாக வைத்திருக்கலாம்.

சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் பாட்டி 'ஐயம் ஃபேர் ஸ்டார்வ்ட்' என்றால் பசி என்று எண்ணி பிஸ்கட் எடுத்து வருவீர்கள். அவருக்கு வேண்டியது கம்பளிச் சட்டை. இந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் ஸ்டார்வ்ட் என்றால் குளிரில் விறைத்துப்போவது. 'ஸ்பைஸ் இருக்கா?' என்று கேட்டால் மசாலா இல்லை, மிட்டாய். (எண்பத்தெட்டு என்றால் அவருக்குப் பதினாறு நடந்தது 1953 வாக்கில். அந்த வருடம் பிப்ரவரியில்தான் மிட்டாய்க்கு ரேஷன் நீங்கியது. அதனால் ஸ்பைஸ் என்ற சொல்லை அந்த வயதுக்காரர்கள் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்.) டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு, டீ என்றால் மாலை ஐந்து மணிச் சாப்பாடு. இதை உணவுக் குறிப்பில் தப்பாக எழுதினால் ஒரு வேளைச் சாப்பாடு கணக்கிலிருந்து காணாமல் போய்விடும், கவனம். 'லேக்கிங்' என்றால் விளையாடுவது, மில் ஓடாமல் வேலையில்லாமல் இருப்பதும் லேக்கிங்தான். 866-இல் யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழி விட்டுப்போன சொல் இது. டேனிஷ் மொழியிலும் இதே வேர் இருக்கிறது. 'நன்றாக விளையாடு' என்ற டேனிஷ் தொடரைச் சுருக்கித்தான் லேகோ என்று பொம்மைக்குப் பெயர் வைத்தார்கள்.

'வொய்ல்' என்ற சொல்லுக்கு நான் தனியாகக் கட்டணம் கட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். ஒரு நோயாளியின் மகள் போனில், 'டோன்ட் கம் வொய்ல் ஃபோர்' என்றார். நாலு மணி வேளையில் மட்டும் வராதே என்கிறார் போல என்று ஒரு மணிக்கே போய் நின்றேன். வீடு பூட்டியிருந்தது. மழையில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்தான் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து விளக்கினார்: இங்கே வொய்ல் என்றால் 'வரை'. நாலு மணி வரை வராதே என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். மருந்து நேரத்தில் இந்தச் சொல் வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்.

சரி, ஏன் டாக்டரிடம் ஒரு குரல், உங்களிடம் ஒரு குரல்? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. ஒன்று, ஒருவருடைய பேச்சின் ஓசை பெரும்பாலும் பதின்பருவம் முடிவதற்குள் கட்டிப்படுகிறது, அதைக் கட்டுவது பெற்றோரைவிடக் கூட்டாளிகள்தான். நாளைக்கு உங்கள் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போனால் உங்களைப்போல் ஆங்கிலம் பேசாது, பக்கத்து நாற்காலிப் பிள்ளையைப்போல் பேசும். இரண்டு, அதன்மேல் வாழ்க்கை வேறு பூச்சுகளைப் பூசுகிறது. உங்கள் பாட்டியின் வயதுக்காரர்கள் பெரும்பாலும் பதினைந்தில் பள்ளியை விட்டவர்கள், 1947-இலிருந்து அதுதான் சட்டப்படியான வயது. பதினொரு வயதுத் தேர்வில் தேறிய சிலர் மட்டும் மேல்படிப்புக்குத் தயாராக்கும் கிராமர் ஸ்கூலுக்குப் போனார்கள், அங்கே 'ஐ வெர்' என்பதை 'ஐ வாஸ்' என்று திருத்தினார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு ஆங்கிலம், தங்கைக்கு ஒரு ஆங்கிலம் என்று ஆனதுண்டு. பையன்களுக்குப் பதினெட்டில் கட்டாய ராணுவ சேவை. 1960 வரை அழைத்தார்கள். லண்டன்காரனோடும் ஸ்காட்லாந்துக்காரனோடும் ஒரே கொட்டகையில் படுத்து எழுந்தபோதுதான், தனக்கு ஒரு ஓசை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. பெண்கள் கடையிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் வேலைக்குப் போய், வீட்டுக்கு வெளியே ஒரு குரல் கற்றுக்கொண்டார்கள். இங்கே அதற்கு 'டெலிபோன் வாய்ஸ்' என்றே பெயர். டாக்டரிடம் பாட்டி பேசுவது அந்தக் குரல்.

அந்தக் குரலுக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்று தெரிய வேண்டுமானால் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் கதை போதும். இதே மேற்கு யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். 1941-இல் பிபிசி தேசியச் செய்தியைத் தன் யார்க்‌ஷயர் ஓசையிலேயே வாசித்தார், முடிக்கும்போது வடக்கத்தி மக்களுக்கு 'குட் நீட்' என்று இரவு வணக்கம் சொன்னார். அது பெரிய சர்ச்சையானது. இந்த ஓசையில் வரும் செய்தியை எப்படி நம்புவது என்று கேட்டவர்கள் உண்டு. உங்கள் பாட்டி அப்போது நான்கு வயதுக் குழந்தை. தன் வீட்டுப் பேச்சு பெரிய விஷயங்களுக்கு லாயக்கில்லை என்ற எண்ணம் காற்றிலேயே இருந்த காலத்தில் வளர்ந்தவர்.

மூன்றாவது, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறும். 1960களில் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் பேட்டி எடுக்கும்போது, 'செத்தேன் என்று நினைத்த தருணம் ஏதாவது உண்டா?' என்று கேட்பார். கதையில் ஆள் மூழ்கியதும் பேச்சைப் பற்றிய காவல் தளர்ந்து, வீட்டுப் பேச்சு வெளியே வரும். உங்கள் பாட்டிக்கு அந்த வேலையை மங்கி ரன் செய்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையில் எது நினைவிருக்கிறது என்று கேட்டால், பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வந்து விழும். இதுவும் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ஏன் என்பதில்தான் வாதம். முதல்முறைகள் எல்லாம் அப்போது நடப்பதாலா, 'நான் யார்' என்பது அப்போது உருவாவதாலா, மூளை அப்போது கூர்மையாக இருப்பதாலா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இவற்றோடு என் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் சொல்கிறேன், இது ஆய்வு அல்ல. காது கொடுத்துக் கேட்டால், ஓசை தடிப்பது முதலில் அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லும் இடத்தில்தான். 'அப்போ எங்கம்மா சொன்னாங்க', 'ஆர் மார்கரெட் சொன்னா' என்று வரும் பாருங்கள், அங்கே. ('ஆர் மார்கரெட்' என்றால் நம் 'எங்க மார்கரெட்' தான். அக்காவோ தங்கையோ, வீட்டு ஆள்.) அம்மா சொன்னதை அம்மாவின் குரலில்தானே சொல்ல முடியும்? முதலில் அம்மா அப்படிப் பேசுவார், அப்புறம் மார்கரெட், அப்புறம் கதை சொல்கிறவரே பதினாறு வயதுப் பெண்ணாகப் பேச ஆரம்பித்துவிடுவார். ஆகவே எனக்குப் புரியவில்லை என்று தோன்றும் இடத்தில் நான் கேட்கும் கேள்வி 'என்ன சொன்னீர்கள்' அல்ல, 'யார் சொன்னது' என்பதுதான். ஆள் தெரிந்தால் பாதி வாக்கியம் தானே தெளியும்.

இன்னொன்று, தமிழ்க்காரருக்கு மட்டும் சட்டென்று பிடிபடும் விஷயம். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் நம்மைப்போலவே நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. பொது ஆங்கிலம் 'நீ'யைத் தொலைத்துவிட்டது. யார்க்‌ஷயர் 'தா', 'தீ' என்று வைத்துக்கொண்டது. அப்பா மகனைத் தா என்பார், மகன் அப்பாவை அப்படிச் சொன்னால் அடி விழும். 'டோன்ட் தீ தா மீ' என்று ஒரு வசை இருக்கிறது: என்னை நீ என்று சொல்லாதே, உன்னையே நீ என்று சொல்லிப் பார், எப்படி இருக்கிறதென்று! நிலக்கரிச் சுரங்கத்தில் பதினைந்து வயதில் இறங்கிய ஒருவர், பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் பயிற்சிக்கு வந்தார். ஒன்றரை மாதம் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார், இல்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை. ஒருநாள், முதன்முதலாகச் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டில் ஏறிக் கீழே போனபோது வயிறு தொண்டைக்கு வந்த கதையை, தடுக்கித் தடுக்கிச் சொன்னார். பாதியில் நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். 'சிட் தீ டௌன்' என்றார். உட்காரு. அன்றிலிருந்து நான் அவருக்குத் தா. மருமகப்பிள்ளைக்குக்கூட யூ தான் என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

அதனால், வேண்டுமென்றே புரியாமல் பேசுகிறாரா என்ற சந்தேகத்துக்கு என் பதில் நேர் எதிரானது. டாக்டருக்காகப் போட்டுக்கொள்ளும் குரலை உங்கள் முன்னால் கழற்றி வைக்கிறார்.

மில் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது என் தொழிலுக்குள்ளேயே பலர் தடுக்கி விழும் இடம். லங்காஷயர்ப் பருத்தி நெசவுக் கூடங்களில் நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும். காதருகே கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பெரிதாக அசைத்து, சத்தமே இல்லாமல் பேசக் கற்றார்கள். 'மீ-மாயிங்' என்று பெயர். பதினைந்து வயதில் பழகிய அந்த வாயசைப்பு எண்பதிலும் போவதில்லை. புதிதாகச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர், ஒரு பாட்டியின் வாய் தேவைக்கு மேல் அசைகிறது, மருந்தின் பக்கவிளைவாக இருக்குமோ என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். சாப்பாட்டுக் கூடம். அந்தப் பாட்டி ஜன்னல் பக்கத்தில், இன்னொரு முன்னாள் நெசவுக்காரி கதவுப் பக்கத்தில், நடுவே பதினைந்தடி, தட்டுகளின் சத்தம், தொலைக்காட்சி. இருவரும் சத்தமே இல்லாமல் யாரையோ பற்றிப் புறணி பேசிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பற்றி என்பது அவர்கள் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தபோது தெரிந்தது.

இனி உறுதியில்லாதவை. பழைய நினைவைத் தொட்டால் பழைய ஓசை தானாகத் திரும்புகிறதா? இருமொழிக்காரர்களிடம் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டிருக்கிறார்கள்: ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போனவர்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்யக் காலத்து நினைவுகள் அதிகம் வந்தன. ஒரே மொழியின் இரண்டு ஓசைகளுக்கும் இது பொருந்தும் என்பது நியாயமான ஊகம், அவ்வளவுதான். அதேபோல, மறதி நோயில் மேல்பூச்சு உதிர்ந்து பழைய வழக்கு வெளிப்படும் என்று பல குடும்பங்கள் சொல்கின்றன. நானும் பார்த்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வயதானால் எதிரில் இருப்பவருக்காகக் குரலை மாற்றும் அக்கறையே குறைந்துவிடலாம், அதுவும் இதே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் சான்றை நான் நம்பத் தயாரில்லை. பெரியவர்கள் ஓசை மாறவே மாறாது என்பதும் தப்பு. ராணி எலிசபெத்தின் கிறிஸ்துமஸ் உரைகளை அளந்து பார்த்து, 1950களுக்கும் 1980களுக்கும் இடையில் அவருடைய உயிரொலிகளே பொது மக்களின் பக்கம் நகர்ந்திருப்பதை 2000-இல் வெளியிட்டார்கள்.

இந்தப் பேச்சு அழிகிறதா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். சொற்கள் போகின்றன, ஓசை அவ்வளவு வேகமாகப் போகவில்லை. உங்கள் ஹோமின் இளம் ஊழியர்கள் 'ஸ்பைஸ்' என்று மிட்டாயைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் 'பத்' என்றுதான் சொல்வார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் குழு 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தில் 313 இடங்களுக்குப் போய், ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகளோடு, முக்கியமாகக் கிராமத்து முதியவர்களிடம் சொற்களைச் சேகரித்தது. வாயும் பல்லும் காதும் நன்றாக இருக்கும் ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள் என்பது களப்பணியாளர்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை. என் தொழிலில் இதைவிட நல்ல யோசனை நான் படித்ததில்லை.

ஆகவே நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பாட்டி வாயில் பல்செட்டு இருக்கிறதா, காதுக்கருவியில் பேட்டரி இருக்கிறதா, நீங்கள் அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்களா? 'புரியாத ஓசை' என்று எனக்கு வரும் பரிந்துரைகளில் எத்தனையோ, டப்பாவில் மறந்துபோன கீழ்ப்பல்செட்டோடு முடிந்திருக்கின்றன. புரியாதபோது தலையாட்டாதீர்கள், அது அவர்களுக்குத் தெரிந்துவிடும். 'அந்தச் சொல் எனக்குப் புதிது' என்று சொல்லுங்கள், சொல்லித் தருவதில் அவர்களுக்கு ஒரு குஷி. பிரியத்தில்கூட அவர்கள் ஓசையைத் திருப்பிப் பேசிக் காட்டாதீர்கள். பள்ளியில் கேலிபட்டவர்களுக்கு அது கேலியாகத்தான் விழும்.

எதைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓசை மாறுகிறவர் கதையின் நூலை விடமாட்டார், திருப்பிக் கேட்டால் வேறு சொல்லில் சொல்வார், மேலாளர் உள்ளே வந்தால் டெலிபோன் வாய்ஸுக்குத் திரும்பிவிடுவார். ஒரே கதையைத் தினமும் சொல்வது மட்டும் நோயாகாது. ஆனால் சாதாரணச் சொல்லே கிடைக்காமல் தவிப்பது, ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னதே தெரியாமல் இருப்பது கூடிக்கொண்டே போனால் நர்ஸிடம் சொல்லுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று தடுமாறினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மருந்து என்று பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு சட்டென்று குழறி, வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ கை தூக்க முடியாவிட்டாலோ யோசிக்காமல் 999. அங்கே இருக்கும் நீங்கள்தான் இதைப் பார்க்க முடியும். நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்து அவருக்கு நோய் இல்லை என்று நான் சான்றிதழ் தர முடியாது. மங்கி ரன் பேச்சு நோய்க்குச் சான்றல்ல என்று மட்டும் சொல்ல முடியும்.

அந்தக் குறிப்பை நாளைக்கே சரிசெய்யுங்கள். பழைய வரியை அடிக்க வேண்டாம். கீழே தேதி போட்டு, அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி, அது இளைஞர்களின் ஞாயிறு நடைக்கான உள்ளூர்ப் பெயர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 'குழப்பம்' என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அடுத்து வருபவர்கள் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்ப்பார்கள். அப்புறம் பாட்டியிடம் அது எந்தச் சாலை, எங்கே ஆரம்பித்து எங்கே திரும்புவார்கள் என்று கேளுங்கள். ஹாலிஃபாக்ஸ் பக்கம் என்றால் எனக்கும் எழுதுங்கள், ஒருவேளை தினமும் நான் கார் ஓட்டிப்போகும் சாலையாகவே இருக்கலாம்.